புல்மோட்டைக் கறுப்பு மண் எதற்கு உதவும்?
"புல்மோட்டைக் கறுப்பு மண்ணில் அப்படி என்ன இருக்கு? மருத்துவத்துக்கும் பயன்படுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயன்படும்.

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் ஒரு சிரட்டை மண் அள்ளி, தண்ணீர் விட்டு, அரிசி அரிக்கிற மாதிரி ஆட்டிப் பாருங்கள். வெள்ளை மணல் வழிந்தோடும், கறுப்பு அடியில் தங்கும். சாதாரண மணலின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.65 கிராம், அந்தக் கறுப்பு மண்ணில் இருக்கும் இல்மனைற், சிர்கோன் என்ற கனிமங்களின் அடர்த்தி 4.5ஐத் தாண்டும். அலையும் கரையில் இதே அரிப்பு வேலையைத்தான் செய்கிறது.

கறுப்பாகத் தெரிவது இல்மனைற்: இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. இரும்பை நீக்கினால் பால் வெள்ளைத் தூள் கிடைக்கும். வீட்டுச் சுவர்ப் பெயின்ற்றின் வெண்மை அதுதான். தைத்தேனியத்தை உலோகமாகவே பிரித்தால் இன்னும் அருமை: உடலுக்குள் துருப்பிடிக்காது, எலும்பு அதை இறுகப் பற்றி வளரும். சுவீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் 1965இல் ஒருவருடைய தாடையில் தைத்தேனியத் திருகாணி பதித்துப் பல் கட்டினார். செயற்கை இடுப்பு மூட்டிலும் இதே உலோகம் உண்டு.

சிர்கோன் தரை ஓடுகளின் மெருகுக்கும், உருக்கு வார்க்கும் அச்சுக்கும் போகிறது. அதிலிருந்து எடுக்கும் சிர்கோனியாவில்தான் இப்போது பல்லுக்குத் தொப்பி செய்கிறார்கள். இவ்வளவு பெறுமதியானதை மண்ணாகவே கப்பலேற்றுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.