விலை குறைவாகக் கிடைக்கிறதே, வாரம் ஒருமுறை பன்றிக்கறி வாங்கலாமா? கொழுப்பு, மூளையில் புழு என்று பயமுறுத்துகிறார்களே?

தாராளமாக வாங்கலாம். மத நம்பிக்கையால் விலக்குகிறவர்களைச் சொல்லவில்லை, அது அவரவர் விஷயம். ஆனால் ஆட்டுக்கறி விலையைக் கேட்டுவிட்டுக் கடைவாசலிலேயே திரும்புகிற குடும்பங்கள், எங்கள் பக்கம் அதில் பாதி விலைகூட வராத ஒரு நல்ல கறியை யாரோ சொன்ன பயத்தில் ஒதுக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

முதலில் அந்த மூளைப் புழு. நாடாப்புழுவின் நீர்க்கட்டி, அதாவது புழுக்குஞ்சு அடங்கிய சின்னப் பை, உள்ள கறியை அரைவேக்காடாகத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும், அது சரி. மூளையில் அந்தப் புழுக்கட்டி வரும் வழி வேறு. குடலில் ஏற்கெனவே புழு இருக்கும் மனிதரின் மலத்தில் முட்டைகள் வெளியேறி, அவை கழுவாத கை, கீரை, தண்ணீர் வழியாக வாய்க்குள் போனால்தான் அது வரும். அதனால்தான் கறியே தொடாதவர்களுக்கும் அந்த நோய் வருகிறது. தெருவில் கண்டதைத் தின்று திரியும் பன்றி வேண்டாம், பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த வெண்பன்றியாகக் கேட்டு வாங்குங்கள். வெட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், சதைக்குள் அரிசி மணி போல வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். மற்றபடி நம் வீட்டுக் குழம்பில் முக்கால் மணி நேரம் கொதித்த கறியில் எந்தப் புழுவும் பிழைக்காது.

கொழுப்பு என்பது எந்த இடத்துக் கறி என்பதைப் பொறுத்தது. வயிற்றுப் பக்கத்துக் கறியில் எடையில் பாதி கொழுப்பாகவே இருக்கும். முதுகுப் பக்கத்துத் தனிக்கறியில் 100 கிராமுக்குச் சுமார் 21 கிராம் புரதம், கொழுப்பு அந்தப் புரதத்தைவிட மிகக் குறைவு. கடைக்காரரிடம் "தோலும் கொழுப்பும் எடுத்துட்டுக் குடுங்க அண்ணே" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் எடையோடு எடையாக எல்லாம் சேர்ந்து வந்துவிடும். தாளிக்கவும் எண்ணெய் ஊற்றாதீர்கள், மிச்சமிருக்கும் கொழுப்பே உருகி சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கிவிடும்.

யாரும் சொல்லாத ஒரு நன்மை, பி1 என்கிற தயாமின். ஆட்டிலும் கோழியிலும் இருப்பதைவிட இதில் பல மடங்கு அதிகம், 100 கிராம் தனிக்கறியே ஒரு நாள் தேவையில் பாதிக்குமேல் கொடுத்துவிடும். தீட்டிய வெள்ளை அரிசியைத்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறோம், தீட்டும்போது தவிட்டோடு போவது இதே சத்துதான். அப்புறம் மூலத்துக்கு மருந்து என்று வாங்குகிறவர்கள் நிறைய. தயவுசெய்து அதை நம்பி வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள், மலச்சிக்கலுக்கு நார்ச்சத்துதான் வேண்டும், கறியில் அது துளியும் இல்லை.

பேக்கன், சாசேஜ், ஹாம் இவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் வகைப்படுத்தியது. பதப்படுத்தாத சிவப்பு இறைச்சியையும் அடுத்த படியில்தான் வைத்திருக்கிறது, அதனால் தினமும் வேண்டாம், வாரம் ஒன்றிரண்டு முறை போதும். முட்டையும் பருப்பும் இதைவிட மலிவு, மற்ற நாட்களுக்கு அவை இருக்கட்டும். நாலு பேர் வீட்டுக்கு அரைக் கிலோ தனிக்கறி வாங்கி, மொச்சையோ சிறுகிழங்கோ சேர்த்து, மிளகைத் தூக்கலாக அரைத்துப் போட்டுக் குழம்பு வையுங்கள், இரண்டு வேளைக்கு வரும்.