நீளமான தத்துவ நாவலை நண்பரோடு சேர்ந்து படித்ததுண்டா? ஆரம்பத்தில் என்ன தோன்றியது?

இன்னும் முடிக்கவில்லை. மூன்றாம் பகுதியில் நிற்கிறேன், அதுவரைக்குமான பதில் இது.

நாவல், ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கியின் ‘கரமாசவ் சகோதரர்கள்’. கூடப் படிப்பவர் எங்கள் புளோக்கிலேயே குடியிருக்கும் பேருந்து ஓட்டுநர். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் தமிழ் மொழிபெயர்ப்பு, என்னிடம் ஆங்கிலம். பக்க எண் ஒத்துவராது. நல்லவேளை, நாவல் 12 பகுதிகளாக, அவற்றுக்குள் சின்ன அத்தியாயங்களாக இருக்கிறது. ஞாயிறு காலை கீழே காப்பிக் கடையில் அத்தியாயப் பெயரைச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வோம். ரொம்ப மெதுவாகப் போகிறோமே என்று எனக்கு ஒரு கூச்சம் இருந்தது. 1879 ஜனவரியில் தொடங்கி 1880 நவம்பர் வரை பத்திரிகையில் தொடராக வந்த கதை என்று தெரிந்ததும் அதுவும் போயிற்று.

தத்துவம் மிரட்டும் என்று பயந்தேன். மிரட்டியது பெயர்கள். அலெக்ஸேய் பியோதரோவிச்தான் அல்யோஷா, திமித்ரி பியோதரோவிச்தான் மீத்யா. நான் தாளில் வம்சாவளி வரைந்துகொண்டிருந்தபோது அண்ணன், “இதுல என்ன தம்பி குழப்பம்? பியோதரோவிச்னா எஸ்/ஓ பியோதர். என் ஐசியில இருக்கிற மாதிரிதான்” என்றார். இங்கே தமிழர் பலரின் அடையாள அட்டையில் அவர் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே, ‘இன்னாரின் மகன்’ என்று சொல்லும் அந்த எஸ்/ஓ உட்கார்ந்திருக்கும். அதன்பின் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன்.

ஆனால் வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. அந்த அப்பன் பியோதர் யார்? மனைவி ஓடிப்போனதும் மூன்று வயது மீத்யா வீட்டில் இருப்பதையே மறந்துபோனவன். வேலைக்காரர் கிரிகோரி மட்டும் இல்லையென்றால் பிள்ளைக்குச் சட்டை மாற்றிவிடக்கூட ஆளில்லை. அந்தப் பிள்ளைகளை யாராவது மரியாதையாகக் கூப்பிடும்போதெல்லாம் அவன் பெயரும் சேர்ந்தல்லவா ஒலிக்கிறது! தனியாகப் படித்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

இரண்டாம் பகுதியில் மடத்துத் துறவி ஸொசிமா, ஒரு மருத்துவர் தன்னிடம் சொன்னதை நினைவுகூர்கிறார். மனிதகுலத்தின் மேல் அந்த மருத்துவருக்கு அப்படியோர் அன்பு. ஆனால் ஒரே அறையில் ஒருவரோடு இரண்டு நாள் இருக்க முடியாது. ஒருவன் சாப்பிட நேரமெடுத்தால் வெறுப்பு, இன்னொருவன் சளிபிடித்து மூக்கைச் சிந்தினால் வெறுப்பு. நான் வாடகை அறையைப் பங்குபோட்டுத் தங்கியிருப்பவன். அறைத்தோழர் ஐந்து மணி அலாரத்தை நாலு முறை தள்ளிப்போடுவார். படித்துச் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அசடு வழிந்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. “மனுசகுலமெல்லாம் நமக்கெங்க தெரியும்? காலையில ஆறேகாலுக்கு ஒரு சீனப் பாட்டி ஏறுவாங்க. கார்டைப் பைக்குள்ள தேடிக்கிட்டே நிப்பாங்க, எனக்குக் கோபமா வரும். ஒருநாள் அவங்க வரலைன்னா கண்ணாடியில பார்த்துக்கிட்டே வண்டியை எடுப்பேன்.”

குறையும் உண்டு. மடத்தில் அப்பன் அடிக்கும் கூத்து எனக்கு அளவுக்கு மீறி நீண்டதாகப் பட்டது. அண்ணனோ, கல்யாண வீட்டுச் சண்டை இதைவிட நீளும் என்கிறார்.

அந்த மருத்துவர் கதைக்கு முந்தைய அத்தியாயத்தில் ஒரு கிராமத்துப் பெண் வருகிறாள். மூன்று வயது நிறைய மூன்று மாதம் இருக்கையில் இறந்துபோன மகனின் சின்ன இடுப்புப்பட்டையை மார்புத் துணிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டுகிறாள். அவன் பெயரும் அலெக்ஸேய். தஸ்தயெவ்ஸ்கியின் மகன் அல்யோஷாவும் 1878 மே மாதம், மூன்று வயது முடியுமுன் வலிப்பில் இறந்தவன். இதை நான் சொன்னதும் அண்ணன் புத்தகத்தை மூடினார். “சரி, மீதி அடுத்த வாரம்” என்று எழுந்துபோய்விட்டார்.

எல்லோரும் பேசும், திருச்சபையின் விசாரணை அதிகாரி பற்றிய கதை ஐந்தாம் பகுதியில்தான் வருகிறதாம். அண்ணனுக்கு இனி ஞாயிறு காலை ஷிப்டு. அதனால் சனி இரவுக்கு மாற்றியிருக்கிறோம்.