செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாம்

அன்புள்ள ஐயா,

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். என் வேலையின் தரத்தை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் கொஞ்ச நாளாக, நான் ஒரு தேதி சொன்னால் மேலாளர் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் தனியாக விசாரிக்கிறார். வீட்டிலும் இதே கதை. “ஏழு மணிக்கு வந்துவிடுவேன்” என்றால் மனைவி “சரி, பார்ப்போம்” என்கிறாள். நான் யாரையும் ஏமாற்றியதில்லை, பொய் சொன்னதில்லை. இழந்த நம்பிக்கையை எப்படித் திரும்பப் பெறுவது? வேறு வேலைக்குப் போனால் சரியாகுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பொய் சொன்னதில்லை என்பதை நம்புகிறேன். 1995-இல் மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள், ஒருவரை நம்பலாம் என்று மற்றவர்களுக்குத் தோன்றுவதற்கான காரணங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: திறமை, நல்லெண்ணம், நேர்மை. நேர்மை என்பதில் சொன்னதும் செய்ததும் ஒத்துப்போவதையும் சேர்த்துக்கொண்டார்கள். உங்களுக்கு இடறுவது அங்கேதான். மனதறிந்து பொய் சொன்னீர்களா என்பது உங்களுக்கு முக்கியம். காத்திருந்தவருக்கு, வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

தேதியைத் தப்பாகக் கணிப்பது உங்களுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 1994-இல் வெளியான கனடா ஆய்வொன்றில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. எல்லாமே கோளாறாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமான கணக்கே போதவில்லை, பாருங்கள். அதனால் ‘உட்கார்ந்தால் எத்தனை நாளில் முடிப்பேன்’ என்று யோசிப்பதை விட்டுவிடுங்கள். இதே மாதிரி வேலை போன தடவை எத்தனை நாள் இழுத்தது என்று பாருங்கள். அந்த எண்ணைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆனாலும் தாமதம் எல்லோருக்கும் நேர்வதுதான். அதை எப்போது சொல்கிறீர்கள் என்பதில்தான் பெயர் கெடுகிறது. வெள்ளிக்கிழமை தர வேண்டிய வேலை என்று வைத்துக்கொள்வோம். முடியாது என்பது செவ்வாய் மதியமே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ராத்திரி உட்கார்ந்து சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். புதன் போகிறது, வியாழன் போகிறது. வெள்ளி மாலை ஐந்தரைக்கு, “ஒரு சின்னப் பிரச்சினை, திங்கள் காலை கொடுத்துவிடுகிறேன்” என்கிறீர்கள். செவ்வாயே தெரிந்திருந்தால் மேலாளர் இன்னொருவரைத் துணைக்குப் போட்டிருப்பார், ஒரு பகுதியைத் தள்ளி வைத்திருப்பார், வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே பேசியிருப்பார். வெள்ளி மாலை அவரால் செய்ய முடிவது, உங்களுக்காக இன்னொருவரிடம் திட்டு வாங்குவது மட்டும்தான். இது நாலு தடவை நடந்தால் அவர் பக்கத்து மேசையில் விசாரிக்காமல் என்ன செய்வார்?

செவ்வாய் மதியம் இப்படி இரண்டு வரி அனுப்புங்கள்: “வெள்ளிக்கிழமை முழுதாக வராது. முதல் பகுதி வெள்ளியே தருகிறேன், மீதி திங்கள் மதியம். புதன் மாலை நிலவரம் சொல்கிறேன்.” அப்புறம் புதன் மாலை, புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், சொல்லிவிடுங்கள். காரணங்களை அடுக்கி நீளமாக மன்னிப்புக் கேட்பது வேண்டாம். அதைப் படிப்பதும் அவருக்கு ஒரு வேலை.

தத்துவ அறிஞர் ஒனோரா ஓ’நீல் 2002-இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளில் நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். நம்பிக்கை என்பது மற்றவர்கள் தருவது, நம்பத் தகுந்தவராக இருப்பதும் அதைச் சரிபார்க்க அவர்களுக்கு வழி விடுவதும்தான் நம் வேலை என்று பின்னாளில் அவர் வலியுறுத்தியிருக்கிறார். எனவே மேலாளர் பக்கத்தில் விசாரித்தால் முகம் சுளிக்காதீர்கள். எது முடிந்தது, எது பாக்கி என்பதை அவர் கேட்காமலே பார்க்கிற மாதிரி எழுதி வையுங்கள்.

வேலை மாறுவது பற்றி: சம்பளத்துக்காக மாறுங்கள், வேலை அலுத்துவிட்டால் மாறுங்கள். இதற்காக வேண்டாம். புது இடத்திலும் முதல் வாரமே தேதி கேட்பார்கள்.

வீட்டு விஷயம் கொஞ்சம் வேறு. எட்டரை ஆகும் என்று தெரிந்தும் ஏழு என்று சொல்வது, போனில் மனைவியின் குரல் மாறுவதைக் கேட்க மனமில்லாமல்தான். அந்த ஒரு நிமிடத்தைத் தப்பித்துக்கொள்கிறீர்கள், அவர் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிறார். எட்டரை என்றே சொல்லுங்கள். கோபப்படுவார், படட்டும். அந்த மாலையை என்ன செய்வது என்று அவரே முடிவு செய்துகொள்வார். ஒன்பது என்று சொல்லிவிட்டு எட்டரைக்கே போய் நின்று நல்ல பெயர் வாங்கலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். இரண்டே தடவையில் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் நீங்கள் ஒன்பது என்றால் எட்டரை என்று அவரே கழித்துக்கொள்வார், என்றாவது நிஜமாகவே ஒன்பது ஆகும்போது மறுபடி மாட்டிக்கொள்வீர்கள்.

அன்புடன்.