கேளுங்கள், சொல்கிறேன்: கடற்கரை வீட்டுக்குப் புல் வெட்டும் பேட்டரி மெஷின்

கேள்வி: பத்து சென்ட் மனையில் வீடு. முன்பக்கமும் பக்கவாட்டிலும் சேர்த்து மூன்று சென்ட் அளவுக்குப் புல் பதித்திருக்கிறோம். பெட்ரோல் மெஷினைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய என்னால் முடியவில்லை. கரன்ட் மெஷின் என்றால் வயரையே வெட்டிவிடுவேனோ என்று பயம். துபாயில் இருக்கும் மகன், “40 வோல்ட் பேட்டரி மெஷின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், லீவில் வரும்போது கொண்டு வரவா?” என்கிறான். சரி என்று சொல்லலாமா?
– ஒரு வாசகி, பெரியபட்டினம்

பதில்: பேட்டரி மெஷினுக்குச் சரி சொல்லுங்கள். துபாயிலிருந்து கொண்டு வருவதற்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மெஷினைக் கழற்றிப் பெட்டியில் போட்டு எப்படியாவது கொண்டு வந்துவிடலாம். சிக்கல் பேட்டரியில்தான். விமானத்தில் லித்தியம் பேட்டரியை வாட்-ஹவர் கணக்கில் பார்ப்பார்கள். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வருவது அது. 40 வோல்ட் என்று அட்டையில் போட்டிருப்பது முழு சார்ஜில் இருக்கும்போது காட்டும் அளவு. உள்ளே 3.6 வோல்ட் செல் பத்து இருக்கும், ஆக நிஜத்தில் 36 வோல்ட். 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 144 வாட்-ஹவர். 100-க்கு மேல் 160 வரைக்கும் விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதுவும் தனிப் பேட்டரி இரண்டுதான், கைப்பையில்தான். அதே பேட்டரி 5 ஆம்பியர்-ஹவராக இருந்தால் 180 ஆகிவிடும். பயணிகள் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். பிள்ளை ஏர்போர்ட்டில் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பேட்டரி இல்லாத மெஷினோடு வந்து இறங்குவான்.

சார்ஜர் பிரச்சினை இல்லை. அங்கேயும் நம்மைப் போல 220–240 வோல்ட்தான், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் வாரன்டி? அங்கே வாங்கியதற்கு இங்கே உள்ள சர்வீஸ் சென்டர்காரர் கையை விரித்துவிடுவார். இந்த மெஷின்களின் விலையில் பெரிய பங்கு பேட்டரிக்குத்தான் போகிறது. சில வருஷத்தில் அது தளரும்போது, அதே மாடல் பேட்டரி இங்கே கிடைக்காவிட்டால் மெஷினைப் பரண்மேல் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் கடைக்குப் போனதும் மெஷின் விலையைக் கேட்காதீர்கள். தனிப் பேட்டரி என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று முதலில் கேளுங்கள். பதில் இழுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

வீட்டில் யாராவது 18 வோல்ட் டிரில் மெஷின் வைத்திருந்தால் அதன் கம்பெனியையும் பாருங்கள். மக்கிட்டா மாதிரி சில கம்பெனிகள், இரண்டு 18 வோல்ட் பேட்டரியைச் சேர்த்துப் போட்டு ஓட்டும் புல்வெட்டிகளைச் செய்கின்றன. டிரில்லுக்கும் புல்லுக்கும் ஒரே பேட்டரி.

இனி அளவு. மூன்று சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடி, அதாவது 120 சதுர மீட்டர். 33 சென்டிமீட்டர் அகலம் வெட்டும் மெஷினில், ஒரு வரிசையோடு அடுத்த வரிசை கொஞ்சம் ஏறிவரும்படி வெட்டினால், நீங்கள் நடக்கப்போவது அரை கிலோமீட்டருக்கும் குறைவு. திரும்புவது, தென்னை மரத்தைச் சுற்றுவது, கூடையைக் கொட்டுவது எல்லாம் சேர்த்தும் இருபது, இருபத்தைந்து நிமிஷ வேலை. 36 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று அநேகமாகப் போதும். மழைக்குப் பிறகு புல் அடர்ந்து நிற்கும்போது மட்டும் கூடுதல் பேட்டரி கை கொடுக்கும். 42, 46 சென்டிமீட்டர் மெஷினைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார். தென்னம் பாத்திக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் அதைத் திருப்ப நீங்கள்தான் மல்லுக்கட்ட வேண்டும், அவர் வரமாட்டார். முடிந்தால் கடையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நம் ஊரில் ஒன்று கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் கிடுகிடுவென்று வளரும். வாரம் ஒரு தடவை வெட்டினாலும் தகும். மாசி பிறந்த பிறகு வளர்ச்சியே இருக்காது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆக, வருஷத்தில் பாதி நாள் மெஷின் சும்மாதான் கிடக்கும். அந்த நாட்களில் பேட்டரியை முழு சார்ஜிலும் விடாதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். பாதி சார்ஜில், வீட்டுக்குள் நிழலான அறையில் வையுங்கள். தகர ஷெட்டில் சித்திரை வெயிலுக்கு விட்ட பேட்டரி அடுத்த மழைக்குள் பாதி பலத்தை இழந்து நிற்பதைப் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம், வெளியே எடுத்ததும் நீர் கோத்துக்கொள்ளும். வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜ் போடுவதும் கூடாது, ஆறட்டும்.

புல்லை ஒட்ட வெட்டாதீர்கள். நிற்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. ஒட்ட வெட்டினால் மணல் வெளியே தெரியும். கச்சான் காற்றில் புல்லின் வேர் காயும், பிளேடு மணலை உறிஞ்சி மழுங்கும்.

கேள்வி: வீட்டிலிருந்து கடல் தெரியும். கேட்டே ஆறு மாதத்தில் துருப்பிடிக்கிறது. மெஷின் தாங்குமா?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் உலோகங்களை உப்புக்காற்றில் வைத்துச் சோதிக்க உங்கள் ஊரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கும் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. உங்கள் கேட்டைக் குறை சொல்ல முடியாது.

கீழ்மூடி பிளாஸ்டிக்கில் இருக்கும் மெஷினையே வாங்குங்கள். இரும்புத் தகட்டு மூடிதான் உறுதி என்பார்கள். கல் தெறித்துப் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு ஆரம்பித்தால், அந்த உறுதி ஒரு மழைக்குத்தான் வரும். மோட்டார் பிரஷ்லெஸ்ஸாக இருக்கட்டும். கார்பன் பிரஷ் இல்லாததால் தேய்மானம் குறைவு. பிளேடு எப்படியும் இரும்புதான். ஒவ்வொரு தடவையும் பேட்டரியைக் கழற்றிவிட்டு (இதை மறந்து யாரும் அடியில் கை வைக்காதீர்கள்) ஒட்டிய புல்லைச் சுரண்டி, துணியால் துடைத்து, மெஷின் ஆயில் லேசாகத் தடவுங்கள். ஹோஸ் பைப்பை வைத்துக் கழுவுகிறவர்கள்தான் என் பட்டறைக்கு நிரந்தர வாடிக்கையாளர்கள். பேட்டரி உட்காரும் இடத்துச் செம்புத் தகட்டில் பச்சைக் களிம்பு ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். “மெஷின் செத்துப்போச்சு” என்று தூக்கி வருவதில் பாதி அந்தக் களிம்புதான்.

பிளேடைச் சாணை பிடித்தால், நடு ஓட்டையில் ஓர் ஆணி கொடுத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அரம் போட வேண்டும். இல்லாவிட்டால் அதிர்ந்தே பேரிங் போகும்.

கேள்வி: ஆன்லைனில் 98 வோல்ட் பேட்டரி மெஷின் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: நிஜமாகவே 98 வோல்ட் வேண்டுமென்றால் உள்ளே 27 செல் வரிசையாக இருக்க வேண்டும். ஒரு செல் சுமார் 45 கிராம், ஆக செல் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல். பேட்டரியின் எடை என்ன என்று விற்பவரிடம் கேளுங்கள். இப்படி வந்த சிலவற்றைப் பிரித்தால் வரிசைக்கு ஐந்து செல்தான் இருந்தது. அதாவது 18 வோல்ட்.

கேள்வி: எங்கள் வாசல் முழுக்க மணல். நெருஞ்சி, கோரை, அங்கங்கே கருவேலங்கன்று. எந்த மெஷின் நல்லது?
– ஒரு வாசகி, ராமேஸ்வரம்

பதில்: சக்கரம் வைத்த மெஷின் எதுவும் வேண்டாம். மணலில் சக்கரம் புதையும், சிப்பியும் கல்லும் தெறிக்கும். நைலான் நரம்பு போட்ட பேட்டரி பிரஷ் கட்டர் வாங்குங்கள். கண்ணாடியும் ஷூவும் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு ஓட்டுங்கள். கருவேலங்கன்றை மழை ஈரத்தில் வேரோடு பிடுங்கிவிடுங்கள், வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். கடல் பக்கம் ராவணன் மீசை படர்ந்திருந்தால் அதைத் தொடாதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.