கடை இணையத்தளத்திலிருந்து தமிழில் குறுந்தகவல்: கட்டணம் ஏறுவதும் இரண்டு தடவை போவதும் ஏன்?

புறக்கோட்டைக் கடையின் இணையத்தளத்தில் ஓடர் பதிந்ததும் வாடிக்கையாளருக்குத் தமிழில் குறுந்தகவல் போகிறது. ஆனால் ஒன்றுக்கு மூன்றின் கட்டணம் விழுகிறது, சிலருக்கு இரண்டு தடவை வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டணத்துக்குக் காரணம் குறிமுறை, அதாவது எழுத்துகளை எண்களாக மாற்றி அனுப்பும் முறை. ஆங்கிலத் தகவல் எழுத்துக்கு 7 பிட்டில் போவதால் ஒன்றில் 160 எழுத்து அடங்கும். தமிழ் 16 பிட்டில் போகும், ஆகவே 70 தான். அதைத் தாண்டினால் தகவல் துண்டுகளாகப் பிரிந்து, துண்டுக்கொரு கட்டணம் விழும்; துண்டுகளைச் சேர்க்கும் தலைப்பு 6 பைட் எடுத்துக்கொள்ள, துண்டுக்கு 67 மிஞ்சும். கண்ணால் எண்ணாதீர்கள்: ‘கொழும்பு’ நான்கு எழுத்து, ஆனால் கொம்பு போன்ற குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்பட்டு 8 ஆகிறது. ஆங்கிலத் தகவலில் ஒரேயொரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுவதும் 70க்கு இறங்கிவிடும். ஓடர் இலக்கம், தொகை, சிறிய இணைப்பு, இவ்வளவே போதும்; மிச்ச விபரத்தை இணையப் பக்கத்தில் காட்டுங்கள்.

இரண்டு தடவை போவது வேறு கோளாறு. உங்கள் தகவலைக் கைபேசி வலையமைப்புக்குக் கடத்தும் சேவையான கேட்வேயின் பதில் தாமதித்தால் உங்கள் சேவர் தோல்வி என்று நினைத்து மறுபடி அனுப்புகிறது. முதலாவது ஏற்கனவே போயிருக்கும். ஓடர் பக்கத்திலிருந்து நேரே அனுப்பாமல் தகவல்களை வரிசையில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் கொடுத்து, அதன் நிலையைக் கேட்வேயிடம் கேட்டறிந்த பின்பே மறுபடி அனுப்புங்கள். கேட்வே ‘ஏற்றுக்கொண்டேன்’ என்பது கைபேசிக்குச் சேர்ந்துவிட்டது என்பதல்ல. அதை அறிய, கேட்வே பின்னர் அனுப்பும் விநியோக அறிக்கையை உங்கள் இணையத்தளத்தின் தனி முகவரியில் பெற்றுப் பதிய வேண்டும்.

தொலைபேசி இலக்கத்தின் முன்னுள்ள 0 ஐ நீக்கி 94 சேர்த்து, 11 இலக்கமாகவே சேமியுங்கள்.