அவர் தொடலன்னா அருவருப்புன்னுதான் அர்த்தமா?

கேள்வி: எனக்கு 41 வயசு, கரூர் பக்கம். போன வருஷம் இடது மார்புல கேன்சர்னு சொல்லி முழுசா எடுத்துட்டாங்க. கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு இப்ப கேன்சர் திரும்ப வராம இருக்க டமாக்ஸிஃபென்னு ஹார்மோன் சிகிச்சை மாத்திரை போட்டுட்டு இருக்கேன். முடி வளந்துருச்சு, வேலைக்கும் போறேன். வீட்டுக்காரர் நல்லவர்தான், கீமோ சமயத்துல நான் எடுத்த வாந்தியக் கையால அள்ளுனவர். ஆனா இப்ப என்னைத் தொடுறதே இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு தடவ முயற்சி பண்ணப்ப எரிச்சலும் வலியும் தாங்க முடியாம அழுதுட்டேன், அதோட சரி. நானும் பொண்ணோட ஹால்லயே படுத்துக்குறேன். செயற்கை மார்பு வச்ச பிரா வாங்கணும்னு சொன்னதுக்கு மாமியார் 'உசுரு பொழச்சதே பெருசு, இனிமே யாருக்குக் காட்டப் போற'ன்னு கேட்டாங்க. எனக்கு இந்த ஆசையெல்லாம் இருக்குறதே தப்பா? சேர்ந்தா நோய் திரும்ப வந்துருமோன்னும் பயமா இருக்கு.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

கடைசியா கேட்டதுக்கு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா அந்தப் பயம் மனசுல இருக்குற வரைக்கும் நான் வேற எது சொன்னாலும் காதுல ஏறாது. தாம்பத்தியத்தால கேன்சர் திரும்பி வராது. அவருக்கு ஒட்டாது. கட்டிப் புடிச்சா, தழும்பத் தொட்டா பரவாது. மெஷின் மூலமா வெளிய இருந்து குடுத்த ரேடியேஷன் உடம்புல தங்காது, உங்ககிட்ட இருந்து யாருக்கும் போகவும் போகாது. இத அவர்கிட்டயும் வாய்விட்டு சொல்லுங்க, நிறைய ஆம்பளைங்க இந்த சந்தேகத்த வெளிய கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு உள்ளயே வச்சிருப்பாங்க.

ஆசை தப்பான்னு கேட்டிருக்கீங்க. 41 வயசு பொம்பளைக்கு ஆசை இருக்கு, இதுல தப்பு எங்க இருந்து வருது? மாமியார் கெட்ட மனசோட சொல்லிருக்க மாட்டாங்க, ஆனா அவங்க பேச்ச இந்த விஷயத்துல காதுல போட்டுக்காதீங்க. அந்த பிராவும் வாங்குங்க. தழும்பு நல்லா ஆறுனப்புறம் சிலிக்கான்ல செஞ்சது போட்டுக்கலாம், இன்னொரு பக்க மார்போட எடைக்கு ஏத்த மாதிரி அளவு பாத்து வாங்குனா தோள் ஒரு பக்கமா சாயாம இருக்கும், முதுகு வலியும் குறையலாம். பெரிய கேன்சர் ஆஸ்பத்திரிகள் பக்கத்துல இருக்குற சர்ஜிக்கல் கடைகள்ல கேளுங்க. கைக்குட்டைய மடிச்சு வச்சு, மாராப்ப இறக்கி நாலு பின் குத்திக்கிட்டு பஸ்ல போறவங்க எத்தனையோ பேர், அது எப்ப நழுவும்னு நாள் பூரா அதே நெனப்பாத்தான் இருக்கும். பிளவுஸ்ல உள்பக்கமா ஒரு பாக்கெட் வச்சுத் தைக்கச் சொன்னா தெரிஞ்ச டெய்லர் தச்சுக் குடுத்துருவாங்க.

இப்ப உங்க வீட்டுக்காரர். வாந்தி அள்ளுன மனுஷன் ஒரு தழும்பப் பாத்தா அருவருப்புப் படப் போறாரு? எனக்கு அப்படித் தோணல. அவர் பக்கத்துல இருந்து அந்த ராத்திரிய யோசிங்க, அவர் தொட்டாரு, நீங்க அழுதீங்க, ஏன்னு நீங்களும் சொல்லல அவரும் கேக்கல, மறுநாள்ல இருந்து நீங்க ஹால்ல. 'நாம அவள வேதனப்படுத்திட்டோம், இனிமே வேண்டாம்'னுதான் முக்காவாசிப் பேர் நெனப்பாங்க. நீங்க அத 'பிடிக்காமத்தான் ஒதுங்கிட்டார்'னு எடுத்துக்கிட்டீங்க. யாராவது ஒருத்தர் வாயத் தொறக்கணும், கடிதம் எழுதுன தைரியசாலி நீங்கதான், அதனால நீங்களே ஆரம்பிங்க. படுக்கைல வச்சு வேண்டாம். வண்டில போறப்போ, மாடில துணி எடுக்குறப்போ, முகத்துக்கு முகம் பாக்காம பேசுற மாதிரி ஒரு நேரத்துல, 'அன்னிக்கு உங்க மேல கோவமில்ல, எனக்கு வலிச்சுது, அதான் அழுதேன்'னு மட்டும் சொல்லிப் பாருங்க. மிச்சத்த அவரே பேசுவாரு.

அந்த வலிக்கு வர்றேன், ஏன்னா இதத்தான் யாரும் உங்களுக்கு சொல்லல போல. கீமோவும் ஹார்மோன் சிகிச்சையும் பிறப்புறுப்புல ஈரத்தக் குறைச்சு, தோல மெலிசாக்கி விட்டுரலாம். அப்ப எரியும், சில சமயம் கீறல் கூட விழும். மனசுல ஆசை இல்லாததால வலிக்குதுன்னு நெனச்சு உங்களயே நீங்க திட்டிக்காதீங்க, இது உடம்புப் பிரச்சனை, இதுக்கு வழி இருக்கு. ஹார்மோன் கலக்காத மாய்ஸ்சரைசர் ஜெல்னு தனியா இருக்கு, அத வாரத்துக்கு 2, 3 தடவ வழக்கமா உள்ள போடணும், உறவு இருக்கோ இல்லையோ போட்டுட்டே வரணும். லூப்ரிகன்ட் வேற, அது சேர்ற நேரத்துக்கு மட்டும், தண்ணி பேஸ்ல வாசனை இல்லாததா வாங்குங்க. மெடிக்கல்ல கேக்கக் கூச்சமா இருந்தா ஆன்லைன்ல வரும். தேங்காய் எண்ணெய் போடுறவங்களும் இருக்காங்க, ஆனா காண்டம் போடுறதா இருந்தா எண்ணெய் வேண்டவே வேண்டாம், லேடெக்ஸ் கிழிஞ்சிரும். ஈஸ்ட்ரோஜன் கிரீம் நல்லாருக்குன்னு யாராவது சொன்னா நீங்களா வாங்கிப் போட்டுராதீங்க, உங்க கேன்சர் டாக்டர் சரின்னு சொன்னா மட்டும்தான்.

காண்டம்னு சொன்னதும் இன்னொன்னு. பீரியட்ஸ் வராம இருந்தாலும், முன்ன பின்ன வந்தாலும் கர்ப்பம் தரிக்காதுன்னு நம்பாதீங்க. டமாக்ஸிஃபென் கர்ப்பத் தடை மாத்திரை இல்ல, அது போடுறப்ப கரு உண்டானா குழந்தைக்கு ஆபத்து. ஹார்மோன் உள்ள கர்ப்பத் தடை மாத்திரையும் உங்களுக்கு ஆகாது, அதனால காண்டம் இல்லன்னா காப்பர் டி. ஏற்கனவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிருந்தா இந்தப் பாராவ விட்டுருங்க.

தழும்ப முதல்ல நீங்க பாத்தீங்களா? குளிக்கும்போது குனியாம, கண்ணாடிய ஒதுக்காம? பாக்காதவங்க நிறைய பேர். அவசரமில்ல, குளிச்சிட்டு எண்ணெய் தடவுற சாக்குல விரலால தடவிப் பாருங்க, எங்க மரத்துருக்கு, எங்க சுருக்குன்னு இழுக்குது, அக்குளுக்குக் கீழ கையோட உள்பக்கம் தொட்டா அடுத்தவங்க கை மாதிரி இருக்கா. இல்லாத காம்புல அரிக்குற மாதிரி இருந்தாக்கூட பயப்படாதீங்க, வெட்டுன நரம்பு பண்ற வேலை அது. உங்களுக்கே தெரிஞ்சாத்தான் அவர்கிட்ட 'இங்க வேண்டாம், இங்க தொடலாம்'னு சொல்ல முடியும். மிச்சம் இருக்குற மார்பத் தொட்டாலே சிலருக்கு துக்கம் பொங்கும், அப்படின்னா அதையும் சொல்லிருங்க, கழுத்து, முதுகுன்னு உடம்புல எவ்வளவோ இடம் இருக்கு. மேல ஸ்லிப் போட்டுக்கிட்டே இருக்கணும்னு தோணுனா போட்டுக்கோங்க, முழுசா கழட்டித்தான் ஆகணும்னு எந்த சட்டமும் கிடையாது.

கொஞ்ச வாரத்துக்கு உறவே வேண்டாம்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு, வெறுமனே தொடுறது, தடவி விடுறதுன்னு மட்டும் இருந்து பாருங்க. மாஸ்டர்ஸ், ஜான்சன்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1970ஆம் வருஷ வாக்குல பிரபலமாக்குன முறை இது, இன்னிக்கும் செக்ஸ் தெரபிஸ்டுங்க சொல்லித் தர்றாங்க. அடுத்து என்ன நடக்குமோங்குற பதட்டம் இல்லாததால உடம்பு தானா இளகும். அப்புறம் சேர்றப்ப இடது கை மேலயும் நெஞ்சு மேலயும் பாரம் விழாம தலகாணி வச்சுக்கோங்க, நீங்க மேல இருந்தா இன்னும் சுலபம், ஆழமும் வேகமும் உங்க கைல இருக்கும்.

நீங்க கேக்கல, ஆனா சொல்லிடுறேன், வயித்து சதையோ முதுகு சதையோ எடுத்து மார்ப திரும்ப உருவாக்குற ஆபரேஷன் சில வருஷம் கழிச்சுக் கூடப் பண்ணலாம். வடிவம் வரும், பழைய உணர்ச்சி பெரும்பாலும் வராது. அவருக்காகப் பண்ணிக்காதீங்க, உங்களுக்கு வேணும்னு தோணுனா பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட பேசுங்க.

மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திராதீங்க. சோர்வா, அழுகையாவே இருக்குன்னு மனநல டாக்டரப் பாத்தா டமாக்ஸிஃபென் போடுறத முதல்லயே சொல்லிருங்க, பராக்ஸிடின், ஃப்ளுவாக்ஸிடின் மாதிரி சில மன அழுத்த மாத்திரைங்க அதோட வேலையக் குறைச்சிரலாம், வேற மாத்திரை இருக்கு. உறவுக்கு அப்புறமோ, பீரியட்ஸ் இல்லாத நேரத்துலயோ ரத்தம் பட்டா தள்ளிப் போடாம கைனகாலஜிஸ்ட்டப் பாருங்க. ஜெல் போட்டும் வலி குறையலன்னாலும் அவங்ககிட்டதான் போகணும். செக்கப்ல டாக்டர் இதப்பத்தி அவரா கேப்பாருன்னு காத்திருக்காதீங்க, அஞ்சு நிமிஷ ஓபில அவருக்கு ஸ்கேனும் ரிப்போர்ட்டும் பாக்கவே நேரம் சரியா இருக்கும். சொல்லக் கூச்சமா இருந்தா 'உறவின்போது வலி, வறட்சி'ன்னு ஒரு சீட்டுல எழுதி ஃபைலுக்கு மேல வச்சு நீட்டுங்க, வீட்டுக்காரரையும் வெளிய பெஞ்சுல உக்கார வைக்காம உள்ள கூட்டிட்டுப் போங்க.