மாமனார் கணக்கில் 10 லட்சம் போட்டால் விசா கிடைத்துவிடுமா?

கேள்வி: நானும் மனைவியும் இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறோம். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக மாதம் 3,400 பவுண்டு கைக்கு வருகிறது, சேமிப்பு 9,000 பவுண்டு. மனைவிக்கு ஏப்ரல் இரண்டாவது வாரம் பிரசவம். மார்ச் கடைசியில் மாமனார், மாமியாரை வரவழைக்க நினைக்கிறோம். மாமனார் மன்னார்குடி பக்கம், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பென்ஷன் 38,000 ரூபாய், மூன்று ஏக்கர் நஞ்சை, வங்கியில் இருப்பு 2.1 லட்சம். மைத்துனன் கல்லூரியில் படிக்கிறான். ஆளுக்கு 10 லட்சம் காட்டினால்தான் விசா என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். திருச்சியில் ஒரு ஏஜென்ட், 15 லட்சத்தை மூன்று மாதம் கணக்கில் போட்டு வைக்க இரண்டு வட்டி கேட்கிறார். அதற்குப் பதில் நானே 10 லட்சம் அனுப்பிவிடலாமா? அதற்கு இந்தியாவில் வரி உண்டா? ஒரேயடியாக 10 வருட விசா எடுப்பது லாபமா? மாமியாருக்குச் சர்க்கரையும் பிபியும் உண்டு, இன்சூரன்ஸ் கட்டாயமா?

பதில்: ஏஜென்ட்டிடம் போகவே வேண்டாம். நீங்களும் 10 லட்சம் அனுப்ப வேண்டாம்.

பிரிட்டிஷ் விசிட்டர் விசாவுக்கு இவ்வளவு இருப்பு இருக்க வேண்டும் என்று விதியில் எந்தத் தொகையும் கிடையாது. விசா அதிகாரி முக்கியமாகப் பார்ப்பது இரண்டு விஷயம். வந்தவர் திரும்பிப் போவாரா? பயணச் செலவை யார் கொடுக்கிறார்கள், அந்தக் கணக்கு நம்பும்படி இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு, செலவை உறவினர் ஏற்றுக்கொள்கிறார் என்று சொல்வதை விதியே அனுமதிக்கிறது. அந்த உறவினர் சட்டப்படி அங்கே இருப்பவராக இருக்க வேண்டும், அவரால் கொடுக்க முடியும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் திட்டத்தைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் உங்கள் 9,000 பவுண்டு கிட்டத்தட்ட 10.35 லட்சம். அதில் 10 லட்சத்தை மன்னார்குடிக்கு அனுப்பினால் உங்கள் கணக்கில் மிஞ்சுவது 300 பவுண்டு. செலவை ஏற்கப்போகிறவரின் கணக்கு காலி. அந்தப் பக்கம், மாதம் 38,000 வரும் கணக்கில் ஒரே நாளில் 26 மாதப் பென்ஷனுக்குச் சமமான தொகை வந்து உட்காரும். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, உண்மையிலேயே இவருடையதுதானா என்று அதிகாரி கேட்பார். விண்ணப்பத்தை நிராகரிக்க அந்த ஒரு சந்தேகமே போதும். உங்கள் கையில் இருந்தால் சாட்சியாக நிற்கும் பணம், அவர் கணக்குக்குப் போனதும் வில்லங்கமாகிவிடும்.

ஏஜென்ட் வழி இதைவிட மோசம். 15 லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 30,000, மூன்று மாதத்துக்கு 90,000 ரூபாய். இது அவருடைய ஃபீஸ் போக. கடனாக வந்த பணத்தைச் சொந்தச் சேமிப்பு என்று காட்டுவது ஏமாற்று. பிடிபட்டால் இந்த விசா மட்டும் போகாது, 10 வருடம் பிரிட்டனுக்கு விண்ணப்பம் போட்டாலும் மறுக்கும்படி தடை விழலாம். ஏஜென்ட் ரொக்கமாகக் கொடுத்தால் இந்தியாவில் வேறு தலைவலி. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட இடமிருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துக்கு மதிப்போடு இருந்த ஒரு தலைமை ஆசிரியரை இதில் கொண்டுபோய் மாட்டிவிடாதீர்கள்.

வரியைப் பற்றிக் கேட்டீர்கள். மருமகன் மாமனாருக்குக் கொடுக்கும் பணத்துக்கு இந்தியாவில் அவர் வரி கட்ட வேண்டியதில்லை. மகளின் கணவர் சட்டப்படி 'உறவினர்' பட்டியலில் வருகிறார், எவ்வளவு தொகையானாலும் சரி. ஆகவே வரிக்குப் பயந்து நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதாமாதம் ஏதாவது அனுப்பிக்கொண்டிருந்தால் அதைத் தாராளமாகத் தொடருங்கள். ஸ்டேட்மென்ட்டில் பழைய வழக்கமாகத் தெரியும் பணம் யார் கண்ணையும் உறுத்தாது.

சரி, மாமனார் பக்கம் என்ன காட்டுவது? இருப்பதை இருக்கிறபடி காட்டுங்கள், ஆனால் விளக்கத்தோடு. பொதுவாக ஆறு மாத ஸ்டேட்மென்ட் போதும் என்பார்கள். டெல்டா விவசாயிக்கு நான் 12 மாதம் கொடுக்கச் சொல்வேன். நீங்கள் ஜனவரி முதல் வாரத்தில் விண்ணப்பிப்பீர்கள். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும். அப்போது இந்த வருடச் சம்பா வயலில்தான் நிற்கும். ஆறு மாதம் மட்டும் எடுத்தால், குறுவை போட்டிருந்தால் அந்தப் பணம் மட்டும் திடீர் வரவு போலத் தெரியும். ஒரு வருடம் எடுத்தால் போன பிப்ரவரி, மார்ச்சில் வந்த சம்பா பணமும் தெரியும், வருடா வருடம் இப்படித்தான் வரும் என்பது புரியும். கொள்முதல் நிலைய ரசீதை எடுத்து, எந்தத் தேதி வரவு எந்த ரசீதுக்கு என்று பென்சிலால் குறித்து, கவரிங் லெட்டரில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். நகை அடகு வைத்தது, சீட்டு எடுத்தது என்று பெரிய வரவு வேறு ஏதாவது இருந்தால் அதற்கும் இதே வைத்தியம்.

கூடவே பென்ஷன் புத்தகம், பட்டா, சிட்டா, அடங்கல், வீட்டு வரி ரசீது, மைத்துனனின் கல்லூரிச் சான்று. தமிழில் இருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், அதில் மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி எல்லாம் இருக்க வேண்டும். ஆடிட்டரிடம் நெட்வொர்த் சர்டிபிகேட் (மொத்தச் சொத்து மதிப்புச் சான்று) வாங்கச் சொல்லி யாராவது நச்சரிப்பார்கள். நஞ்சை ஏக்கர் என்ன விலை போகும் என்பது அதிகாரிக்கு அவ்வளவு முக்கியமில்லை, மாதம் என்ன வருகிறது என்பதுதான் முக்கியம். எனக்கு அது வீண் செலவாகவே படுகிறது.

பலர் கவிழ்வது விண்ணப்பப் படிவத்தில் வரும் நாலைந்து எண்களில்தான். மாத வருமானம், மாதச் செலவு, இந்தப் பயணத்துக்கு நீங்கள் செலவழிக்கப்போவது, வேறு யாராவது கொடுக்கிறார்களா, எவ்வளவு என்று கேட்கும். ஊரில் நெட் சென்டரில் உட்கார்ந்து பயணச் செலவு 5,000 பவுண்டு என்று கெத்தாக அடித்துவிடுவார்கள். கணக்கில் இருப்பது 2.1 லட்சம், சுமார் 1,825 பவுண்டு. ஒன்றுக்கொன்று இடிக்கிறதா இல்லையா? உங்கள் விஷயத்தில், தங்குவது, சாப்பாடு, விமான டிக்கெட், இன்சூரன்ஸ் உங்கள் பொறுப்பு, கைச்செலவுக்கு மட்டும் மாமனார் 50,000, 60,000 ரூபாய் கொண்டுவருகிறார் என்று போட்டால் எல்லாத் தாளும் ஒரே கதையைச் சொல்லும். இருவருக்கும் தனித்தனி விண்ணப்பம். மாமியாருக்கு வருமானம் இல்லை என்றால் இல்லை என்றே போடலாம், கணவரின் பென்ஷனில் வாழ்கிறார் என்று எழுதினால் போதும்.

உங்கள் பக்கம்: ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, விசா நிலையைக் காட்டும் ஷேர் கோடு, வீட்டு வாடகை ஒப்பந்தம், எத்தனை படுக்கையறை என்ற விவரம். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மனைவி வேலையில் இருந்தால் பிரசவ விடுப்பில் அவர் சம்பளம் குறையும். சட்டப்படியான பேறுகாலச் சம்பளம் முதல் ஆறு வாரம் சராசரி வாரச் சம்பளத்தில் 90 சதவீதம், அதன்பின் அதிகபட்சம், 2025–26 கணக்கில் வாரம் 187.18 பவுண்டாக இருந்தது. ஆகவே அழைப்புக் கடிதத்தில் கணக்கை உங்கள் ஒரு சம்பளத்தை வைத்தே போடுங்கள். கடிதத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள், ஏனென்றால் அவர்கள் உங்கள் மனைவியின் பெற்றோர். உறவை நிரூபிக்க இரண்டு தாள் தேவை: மனைவியின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழ். நம் இனிஷியல் விவகாரம் இங்கேதான் காலை வாரும். பிறப்புச் சான்றில் இனிஷியல் ஓர் எழுத்தாக இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், திருமணச் சான்றில் வேறு மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று கடிதத்தில் ஒரு பத்தி எழுதிவிடுங்கள்.

பயண நோக்கத்தை உண்மையாகவும் கவனமாகவும் எழுத வேண்டும். பேரக்குழந்தையைப் பார்க்க, பிரசவத்தின்போது மகளோடு இருக்க வருவது விசிட்டர் விசாவுக்குப் பொருத்தமான காரணம்தான். குறுகிய காலம் வந்து குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் மனைவி வேலைக்குத் திரும்பியபின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் இருக்கட்டும் என்ற திட்டம் மனதில் இருந்தால் அது ஆயா வேலை, இந்த விசாவில் அதற்கு இடமில்லை. அந்தத் திட்டத்தையே விட்டுவிடுங்கள். மனைவி விடுப்பில் வீட்டில் இருப்பார் என்பதைக் கடிதத்தில் சொல்லுங்கள்.

எத்தனை நாள்? உச்சவரம்பு ஆறு மாதம். அதற்காக முதல் தடவையே முழு ஆறு மாதம் கேட்பதை நான் விரும்புவதில்லை. மாமனார் ஆறேழு வாரத்தில் திரும்பட்டும், மேட்டூர் அணை ஜூன் 12 திறந்தால் குறுவை வேலைக்கு அவர் வயலில் இருக்க வேண்டும். மாமியார் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகட்டும். இருவருக்கும் வெவ்வேறு திரும்பும் தேதி, ஒவ்வொன்றுக்கும் காரணம். விவசாயக் குடும்பத்தில் இதுதானே நடக்கும்.

10 வருட விசாவுக்கு வருவோம். 2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி ஆறு மாத விசா ஒருவருக்கு 127 பவுண்டு, இரண்டு வருடம் 475, ஐந்து வருடம் 848, பத்து வருடம் 1,059 என்று இருந்தது. விண்ணப்பிக்கும் நாளில் கட்டணத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டணத்தில் இருவருக்கும் ஆறு மாத விசா 254 பவுண்டு, சுமார் 29,000 ரூபாய். பத்து வருடத்துக்கு 2,118 பவுண்டு, 2.4 லட்சத்துக்கு மேல். எத்தனை வருட விசா எடுத்தாலும் ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான் இருக்கலாம். நீங்கள் பத்து வருடம் கேட்டு அவர்கள் குறைந்த காலத்துக்குக் கொடுத்தாலும், மறுத்தாலும், கட்டிய பணம் திரும்பாது. இருவரும் இதுவரை வெளிநாடு போனதில்லை என்றால் ஆறு மாத விசாவுக்கே கட்டுங்கள். போய்த் திரும்பியபின் அடுத்த முறை நீண்ட விசாவை யோசிக்கலாம். முன்னுரிமைச் சேவை என்று 500 பவுண்டு கேட்பார்கள். முடிவு சீக்கிரம் வரும், சாதகமாக வரும் என்று அர்த்தமில்லை. சாதாரணமாக மூன்று வாரம், உங்களுக்கு நேரம் இருக்கிறது. விசா கைக்கு வரும்வரை டிக்கெட் போடாதீர்கள்.

மறுத்துவிட்டால்? விசிட்டர் விசாவுக்கு வழக்கமான அப்பீல் கிடையாது. ஆனால் காரணத்தை எழுதித் தருவார்கள், அதைச் சரிசெய்து எப்போது வேண்டுமானாலும் மறுபடி விண்ணப்பிக்கலாம், கட்டணம் மட்டும் புதிதாக. இனி எந்த நாட்டுப் படிவத்தில் கேட்டாலும் இந்த மறுப்பை மறைக்கக் கூடாது. மார்ச் பயணத்துக்கு ஜனவரியிலேயே போடச் சொல்வது இன்னொரு முறை முயல நாள் இருக்கட்டும் என்றுதான்.

இன்சூரன்ஸ் கட்டாயமில்லை, ஆனால் உங்கள் பட்ஜெட்டில் இதற்குத்தான் முதல் இடம் தருவேன். விசிட்டராக வருபவர் அவசரப் பிரிவில் பார்த்துக்கொள்வது இலவசம். அங்கிருந்து வார்டில் சேர்த்தால் அந்த நிமிடத்திலிருந்து என்எச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) கட்டணத்தில் 150 சதவீதம் பில் வரும். 500 பவுண்டு அல்லது அதற்கு மேல் பாக்கி இரண்டு மாதம் நின்றால் பிரிட்டிஷ் உள்துறைக்குத் தகவல் போகும், அடுத்த விசாவைப் பாதிக்கும். பாலிசியை இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே எடுங்கள். சர்க்கரை, பிபி இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கூடும், கூடட்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் தருவார்களா, எத்தனை டாலர் வரை என்ற வரியைத் தேடிப் படியுங்கள். மலிவான பாலிசிகள் அந்த வரியில்தான் கைகழுவும்.

கிளம்பும் முன் சில்லறை வேலைகள்: மாமனாரின் பென்ஷன் நேர்காணல் எந்த மாதம் வருகிறது என்று கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அங்கே இருக்கும்போது பென்ஷன் நிற்கும். வங்கி ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங் போட்டுவிடுங்கள். மாமியாரின் மாத்திரைகளை முழு நாளுக்கும் வாங்கி, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள்.